வீட்டுக்குப் பாடம், பொறுப்பு யாருக்கு?

மாலை மணி ஏழு. விசைத்தறிக் கூடத்திலிருந்து திரும்பிய தொழிலாளி, காதில் தறியின் ஓசை இன்னும் அடங்காத நிலையில், வாசற்படியில் உட்காருகிறார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள்.

"அப்பா, உழவுன்னு எழுத எந்த எழுத்துப்பா போடணும்? பள்ளிக்கூடத்துக்குப் போடுற எழுத்தா, பழத்துக்குப் போடுற எழுத்தா?"

ஆயிரம் இழைகளுக்கு நடுவே அறுந்த ஓர் இழையை இமைப்பொழுதில் கண்டுபிடித்து முடிச்சிடத் தெரிந்தவர் அவர். ஆனால் இந்த ஓர் எழுத்தின் முன்னால் திகைத்து நிற்கிறார். "அம்மாகிட்டக் கேளு கண்ணு" என்கிறார். அம்மாவோ அடுப்படியிலிருந்தபடியே, "நாளைக்கு டீச்சர்கிட்டயே கேட்டுக்க" என்கிறாள். மறுநாள் காலையில் டீச்சர் கேட்கிறார்: "வீட்டுப்பாடம் ஏன் செய்யவில்லை?"

அந்தக் குழந்தை யாரிடம் போய்ப் பதில் கேட்கும்? இதைத்தான் இன்று நாம் கேட்கிறோம்.

இது ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு நாள் நடக்கும் காட்சியன்று. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துவிட்டு ஒன்பது மணிக்குத் திரும்பும் தோழரின் வீட்டிலும், சிவகாசியில் தீப்பெட்டி வேலைக்குப் போகும் தாயின் வீட்டிலும், சென்னையில் சித்தாளாகச் செங்கல் சுமக்கும் சகோதரியின் குடிசையிலும் இதே நோட்டு விரிக்கப்படுகிறது. இதே கேள்வி கேட்கப்படுகிறது. இதே மௌனம் பதிலாகக் கிடைக்கிறது.

அந்த நோட்டில் அப்படி என்னதான் இருக்கிறது? வாரந்தோறும் வரும் பாடம் அது. வாசித்தல், பிழையின்றி எழுதுதல், இலக்கணம் என மூன்று கூறு. 'பாடத்தை மூன்று முறை படித்து வருக.' 'சொல்வதை எழுதுதலுக்குப் பத்துச் சொற்கள்.' 'ஒருமை பன்மை ஐந்து, எதிர்ச்சொல் ஐந்து.' எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கோடு. கோட்டின் அடியில் இரண்டு சொற்கள்: 'பெற்றோர் கையொப்பம்.'

"சின்னஞ்சிறு குழந்தைக்கு வீட்டுப்பாடம் எதற்கு? அடியோடு ஒழித்துக் கட்டுங்கள்" என்பர் ஒரு சாரார். "கொடுப்பது போதாது, இன்னும் இரண்டு பக்கம் கொடுங்கள், அப்போதுதான் பிள்ளை முன்னேறும்" என்பர் மற்றொரு சாரார். முதல் வகையினரின் வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம் இருக்கும். பாடம் வராவிட்டாலும் பிள்ளை படித்துவிடும். இரண்டாம் வகையினரின் வீட்டில் டியூஷனுக்குப் பணம் இருக்கும். எவ்வளவு வந்தாலும் செய்து முடிக்க ஆள் கிடைக்கும். புத்தகமும் இல்லை, பணமும் இல்லை என்ற வீட்டின் பக்கம் நின்று பேசுவோர் யார்? நாம் பேசுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். எழுத்தும் இலக்கணமும் ஏழைப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்கும் கூட்டத்தார் அல்லர் நாம். எழுத்தறியாமையின் விலை என்ன என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் எவர்? தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாமல் கட்டை விரலை மையில் உருட்டி, வட்டிக்காரனிடம் நிலத்தை இழந்த பாட்டன்மார் நம் பாட்டன்மார்கள். 'இங்கே ஒரு கைநாட்டு வை' என்று நீட்டப்பட்ட தாளில், வேலையிலிருந்து தானே விலகிக்கொள்வதாக எழுதியிருப்பது தெரியாமல் விரலை வைத்தவர்கள் நம் தோழர்கள். ஆகவே எழுத்து நமக்கு அலங்காரமன்று; கேடயம்.

இலக்கணமும் அப்படித்தான். 'வேலை கொடு' என்று அட்டை எழுதி ஆலை வாசலில் நிற்கிறார் தோழர். அதில் ஒரு 'க்' கூடி, 'வேலைக் கொடு' என்று ஆகிவிட்டால் பொருள் என்ன? வேலினைக் கொடு என்றாகிவிடும்! கேட்டது பிழைப்பு, எழுதியது ஆயுதம். 'உழவு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'உளவு' என்று எழுதினால், உழவன் ஒற்றனாகிவிடுவான். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் பொருள் புரண்டுவிடும் மொழி நம் மொழி. அதைப் பிழையறக் கற்கும் உரிமை, மாடி வீட்டுப் பிள்ளைக்கு உள்ளது போலவே மண் குடிசைப் பிள்ளைக்கும் உண்டு.

உண்டு என்பதால்தான் கேட்கிறோம்: அதைக் கற்றுக் கொடுக்க வேண்டியவர் யார்?

மூன்று முறை படித்து வா என்றால், தப்பாகப் படிக்கும்போது திருத்த ஒருவர் வேண்டும். பத்துச் சொற்களை எழுதிப் பழகு என்றால், சொல்லச் சொல்ல எழுதுவதற்குச் சொல்பவர் ஒருவர் வேண்டும். பன்மை எழுது என்றால், 'பூ' என்பது 'பூக்கள்' ஆகும்போது நடுவே 'க்' ஏன் வந்தது என்று விளக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு கொடுக்கப்படுவதுதான் இந்தப் பாடம். பார்வைக்கு இது பிள்ளைக்குத் தரப்படும் வேலை. உண்மையில் தாய் தந்தையருக்கு வைக்கப்படும் தேர்வு!

அந்தத் தேர்வில் ஒரு வீடு தேறுகிறது. ஒரு வீடு தோற்கிறது. தேறிய வீட்டுப் பிள்ளைக்கு நோட்டில் 'நன்று' என்று சிவப்பு மை. தோற்ற வீட்டுப் பிள்ளைக்கு 'மக்கு' என்று ஒரு பட்டம். ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர், ஒரே புத்தகம்; நோட்டு மட்டும் இரண்டு விதம். அளக்கப்பட்டது பிள்ளையின் அறிவா, வீட்டின் வசதியா?

கையொப்பக் கோடு ஒன்று இருக்கிறதே, அதன் கொடுமையைச் சொல்லி முடியாது. கையெழுத்துப் போடத் தெரியாத தாய் அந்தக் கோட்டைப் பார்த்துத் தலை குனிகிறாள். தாய் குனிவதைப் பொறுக்காத பிள்ளை, தானே ஒரு கையெழுத்தைக் கிறுக்கிக்கொண்டு போகிறது. எட்டு வயதில் பொய்க் கையெழுத்து! பிள்ளையைப் பொய்யனாக்கியது எது? அந்தக் கோடு.

பிள்ளையின் படிப்பை வீட்டின் அளவுக்கு வெட்டித் தைக்கும் முயற்சியை இந்த நாடு முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறது. 1953-இல் இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் அது. நாட்டுப்புறப் பிள்ளைக்குப் பள்ளியில் நாளொன்றுக்கு 3 மணி நேரம்தான் படிப்பு. மற்ற நேரத்தில் வீட்டிலே தகப்பன் செய்யும் தொழிலைப் பழக வேண்டும் என்றது அந்தத் திட்டம். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி நாடு கொதித்தெழுந்தது. 1954-இல் ஆட்சி மாறியது, காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது.

அந்தத் திட்டமும் இந்த நோட்டும் ஒன்று என்று கூறவில்லை நாம். அது வேண்டுமென்றே போட்ட வேலி. இது எண்ணிப் பாராமல் விழுந்த பள்ளம். ஆனால் விளைவில் ஓர் ஒற்றுமை உண்டு. வீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் பிள்ளைக்கு என்றது அன்றைய திட்டம். வீட்டில் எழுத்து இருந்தால்தான் பிள்ளைக்கு எழுத்து என்கிறது இன்றைய நோட்டு. வேலி தடுத்தாலும் பள்ளம் தடுத்தாலும், நடக்க முடியாமல் நிற்பது அதே கால்கள்தான்.

சான்று வேண்டுமா? கொரோனாக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு மீண்டும் கதவு திறந்தது 2021 நவம்பர் 1-இல். ஒன்றரை ஆண்டுக்கு மேல், பள்ளி முழுவதுமே வீட்டுப்பாடமாகிவிட்ட காலம் அது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. வாட்ஸ்அப் குழுவில் பாடம் வந்தது. ஆனால் கைப்பேசியோ, அப்பாவின் சட்டைப் பையில் உட்கார்ந்து வேலைக்குப் போய்விட்டது!

என்ன ஆயிற்று? நாட்டுப்புறப் பிள்ளைகளின் வாசிப்பை வீடு வீடாகச் சென்று பார்த்து எழுதும் 'ஏசர்' என்ற கணக்கெடுப்பு உண்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கிறதா என்று அது பார்க்கிறது. தமிழ்நாட்டில் 2018-இல் அப்படிப் படித்தவர்கள் நூற்றுக்கு 10.2 பேர். அதுவே வெட்கப்பட வேண்டிய எண். 2022-இல் அது 4.8 ஆகச் சுருங்கியது. பாதிக்கும் கீழே! பாடத்தை வீட்டின் தலையில் கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டுமா?

பள்ளி திறந்தது. பள்ளியே பொறுப்பை மீண்டும் கையில் எடுத்தது. 2022 சூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கியது. பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்க்காமல், எழுத்தில் எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையாக்கி, வகுப்பிலேயே பாடம் சொல்லும் முறை அது. 2024 கணக்கெடுப்பில் அந்த எண் மீண்டும் பத்துக்கு மேல் ஏறியது. ஏறியது போதாது. இன்னும் பெரும்பாலான பிள்ளைகள் ஏணியின் அடியில்தான் நிற்கிறார்கள். என்றாலும், எந்தப் பக்கம் ஏணி இருக்கிறது என்பது தெரிந்துவிட்டதல்லவா? பள்ளியின் பக்கம் இருக்கிறது.

சட்டமும் மன்றமும் இதைப் பற்றிப் பேசாமலில்லை. 1, 2 ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பை குறித்த கொள்கையும் அதையே கூறியது. 3 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு வாரத்துக்கு 2 மணி நேரத்துக்கு மேல் வீட்டுப்பாடம் கூடாது என்றும் எழுதியது. நாளுக்கு அன்று, தோழர்களே, வாரத்துக்கு 2 மணி! நம் தெருப் பிள்ளைகளின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். அந்த அளவு எங்கே, இந்த அளவு எங்கே!

இங்கே ஆசிரியர்மீது பழி போட்டுவிட்டு அகன்றுவிடுவது எளிது. நாம் அதைச் செய்ய மாட்டோம். 2009-இன் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர் போதும். வகுப்போ ஐந்து! இருவர் ஐந்து வகுப்பைப் பார்க்க வேண்டும். பதிவேடு எழுத வேண்டும். கேட்ட விவரங்களையெல்லாம் கைப்பேசியில் ஏற்ற வேண்டும். வகுப்பில் முடியாதது வீட்டுக்குப் போகிறது. இயந்திரம் ஒன்றைக் குறைத்து, உற்பத்தியை இரட்டிப்பாக்கு என்னும் மேற்பார்வையாளரை நாம் அறிவோம். அதே நுகத்தடிதான் ஆசிரியரின் கழுத்திலும் இருக்கிறது. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற கோரிக்கை ஆசிரியரின் கோரிக்கை மட்டுமன்று, நம் கோரிக்கை.

அதுவரை என்ன செய்வது? பிள்ளை காத்திருக்குமா? வயது காத்திருக்குமா? ஆகவே நாம் சொல்லும் வழி இது: வீட்டுப்பாடம் வீட்டுக்கு வரட்டும், பாடம் கற்றுக் கொடுக்கும் பொறுப்பு வீட்டுக்கு வரக் கூடாது. எந்த வீட்டுப் பிள்ளையும், எந்த உதவியும் இன்றிச் செய்யக் கூடியதாக இருக்கட்டும் அந்தப் பாடம்.

வாசிப்பை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் ஆசிரியரோடு சேர்ந்து படித்து முடித்த பக்கத்தையே வீட்டுக்கு அனுப்புங்கள். புதுப் பக்கத்தை அனுப்பாதீர்கள். பிள்ளை உரக்கப் படிக்கட்டும். தாய் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்கட்டும். கேட்பதற்கு எழுத்தறிவு வேண்டியதில்லை. காதும் அன்பும் போதும். இதைச் சிறிதென்று எவரும் எண்ண வேண்டாம். படிப்பகத்தில் எழுத்தறிந்த ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டுக் கேட்டே நாட்டு நடப்பை அறிந்துகொண்ட வரலாறு நம்முடையது. அன்று கேட்டவர்கள் கற்றார்கள்; படித்தவரும் மேலும் திருத்தமாகப் படிக்கக் கற்றார்.

எழுத்துப் பிழைக்கு வருவோம். வாரத்துக்குப் பத்துச் சொற்கள் போதும். திங்களன்று வகுப்பில் அவற்றின் பொருள் சொல்லி எழுதிக் காட்டுக. வெள்ளியன்று வகுப்பிலேயே சொல்வதை எழுதச் செய்து, வகுப்பிலேயே திருத்துக. இடையில் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றே: அந்த எழுத்துகள் தெருவில் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வருவது. பேருந்தின் பலகையில் இருக்கும், மளிகைக் கடைப் பலகையில் இருக்கும், சுவரொட்டியில் இருக்கும். 'மளிகை'யில் ஒரு 'ளி', 'வழி'யில் ஒரு 'ழி', 'கூலி'யில் ஒரு 'லி' என்று பிள்ளை பொறுக்கி வரட்டும். நம் ஏட்டின் தலைப்பிலும் தேடட்டும். அதிலே பிழை கண்டால் எழுதி அனுப்பட்டும். திருத்திக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை.

இலக்கணம்? தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு விதியின் பெயர் வேண்டாம், பழக்கம் வேண்டும். பிள்ளை வீட்டில் பேசுவது ஒரு தமிழ். புத்தகத்தில் இருப்பது வேறொரு தமிழ். 'அப்பா வேலக்கிப் போனாரு' என்று பேசிய வாய், 'அப்பா வேலைக்குப் போனார்' என்று எழுத வேண்டும். வீட்டில் பேசிய பேச்சைத் தப்பு என்று அடித்துப் போடாமல், அங்கிருந்தே தொடங்குங்கள். 'வீட்டில் கேட்ட மூன்று வாக்கியங்களை நினைவில் வைத்து வா' என்பதே வீட்டுப்பாடமாகட்டும். அவற்றை எப்படி எழுதுவது என்று வகுப்பில் ஆசிரியர் காட்டட்டும். 'வேலைக்கு'ம் 'போனா'ரும் சேரும் இடத்தில் உதடு தானாக ஒரு 'ப்' போடுகிறதே, அதைப் பிள்ளையின் காது பிடித்துக்கொள்ளும். விதியின் பெயரைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். எழுத்தறியாத தாயின் பேச்சும் அன்று பாடமாகும். தலை குனிந்தவள் நிமிர்வாள்.

கையொப்பக் கோட்டை அழித்துவிடுங்கள். 'படிக்கக் கேட்டேன்' என்பதற்கு அடையாளமாகத் தாய் ஒரு புள்ளி வைத்தாலும் போதும். பொய்க் கையெழுத்தைவிட மெய்ப்புள்ளி மேலானது.

இவையெல்லாம் நடக்குமா என்று ஐயுறுவோருக்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறோம். ணா, லை, னை முதலிய எழுத்துகள் ஒரு காலத்தில் வேறு வடிவில் இருந்தன. துதிக்கை வளைத்தது போன்ற அந்தக் கொம்பைப் போடத் தெரியாமல் பிள்ளைகள் பட்ட பாடு கொஞ்சமன்று. "இதை ஏன் மற்ற எழுத்துகளைப் போலவே எழுதக் கூடாது?" என்று கேட்டுவிட்டு, 1935-லேயே தம் 'குடி அரசு' ஏட்டில் புது வடிவில் அச்சிடத் தொடங்கினார் பெரியார். பண்டிதர் பலர் முகம் சுளித்தனர். 1978-இல் தமிழக அரசு அதை ஏற்று ஆணையிட்டது. பிள்ளையின் முதுகில் இருந்த ஒரு சுமை அன்று இறங்கியது. மொழி குன்றியதா? இல்லை. பிள்ளையின் சுமை இயற்கை வைத்ததன்று, பெரியவர்கள் வைத்தது. பெரியவர்கள் மனம் வைத்தால் இறங்கும்.

இறுதியாகத் தோழர்களுக்கு ஒரு சொல். கோரிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுக் கைகட்டிக் காத்திருப்பது நம் வழக்கமன்று. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், மாலை நேரத்தில் தெருவிலே பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொன்னவர்கள் பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள். தெரு நினைத்தால் பள்ளிக்குத் தோள் கொடுக்க முடியும் என்பதை அவர்கள் காட்டினார்கள். நம்மிடம் படிப்பகங்கள் இருக்கின்றன. பெஞ்சு இருக்கிறது, விளக்கு இருக்கிறது, ஏடு இருக்கிறது. மாலையில் ஒரு மணி நேரம் அந்த விளக்கு பிள்ளைகளுக்காக எரியட்டும். கிளைக்கு ஒருவர் பொறுப்பேற்கட்டும். படித்த இளைஞர் பத்துச் சொற்களைச் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும். கட்சி பேச வேண்டாம் அந்த ஒரு மணி நேரத்தில். எழுத்து மட்டும் பேசுங்கள். எந்தக் கட்சிக்காரர் பிள்ளையாயினும் வரட்டும்.

வீட்டிலிருக்கும் தகப்பன்மார்களே! களைத்து வருகிறீர்கள், அறிவோம். ஆனாலும் பிள்ளை நோட்டை நீட்டும்போது, "எனக்கென்ன தெரியும், போ" என்று விரட்டாதீர்கள். கை ஓங்காதீர்கள். "தெரியாதும்மா, நீ படி, நான் கேக்கிறேன்" என்று சொல்லுங்கள். தெரியாது என்பதில் இழிவில்லை. உங்களுக்குத் தெரியவிடாமல் செய்த சமுதாயத்துக்குத்தான் இழிவு. நீங்கள் உட்கார்ந்து கேட்கும் பத்து நிமிடம், டியூஷன் காசால் வாங்க முடியாத பாடம்.

நம் பாட்டன் விரலில் மை இருந்தது; பத்திரத்தில் உருட்டிய மை. நம் பேத்தியின் விரலிலும் மை இருக்கட்டும். பேனாவிலிருந்து ஒட்டிய மை. அந்த மையை அவள் விரலில் சேர்ப்பது வீட்டின் வசதியைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. அது பள்ளியின் கடமை, அரசின் கடமை, பள்ளிக்குத் தோள் கொடுப்பது நம் கடமை.

வாசற்படியில் அந்தச் சிறுமி இன்னும் நோட்டோடு நிற்கிறாள். எந்த எழுத்து என்று கேட்கிறாள். பதில் சொல்லப் புறப்படுவோம்!